எண்ணிப் பார்த்த பேராசிரியர்

கேம்பிரிட்ஜ் நகரில் குளிர்காலம். கும்பகோணத்து இளைஞர் ஒருவர், இரவில் குளிர் தாங்கவில்லை என்று தம் வங்காள நண்பரிடம் சொன்னார். மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு, அதற்கு மேல் சால்வையையும் சுற்றிக்கொண்டு தூங்குவதாகவும் சொன்னார். வேறு யாராவது இருந்தால் ஐயோ பாவம் என்று அனுதாபப்பட்டுவிட்டுப் போயிருப்பார்கள். வங்காளி அப்படிச் செய்யவில்லை. நேரே படுக்கை அறைக்குப் போய்க் கட்டிலைப் பார்த்தார். கம்பளிகள் இருந்தன, ஒன்றல்ல, பல இருந்தன. அந்த ஊர் வழக்கப்படி அவற்றை மெத்தைக்கு அடியில் இறுகச் செருகி, மேலே ஒரு விரிப்பைப் போட்டு மூடியிருந்தார்கள். கம்பளிக்கு உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது நம்மவருக்குத் தெரியவில்லை. அத்தனை நாளும் அதன் மேலேயே படுத்து நடுங்கியிருக்கிறார்! வங்காளி கம்பளியைப் பிரித்து, எப்படிப் படுப்பது என்று காட்டிக் கொடுத்தார்.

கும்பகோணத்து இளைஞர் கணித மேதை ராமானுஜன். வங்காளி, பிரசாந்த சந்திர மகலனோபிஸ். பிற்காலத்தில் இந்தியாவின் இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்துக்கு உருவம் கொடுத்தவர் இவர்தான்.

இருவரையும் பற்றி இன்னொரு சம்பவமும் உண்டு. 1914 டிசம்பர் மாதம். ஸ்ட்ராண்ட் என்ற பத்திரிகையில் ஒரு புதிர் வந்திருந்தது. ஒரு நீண்ட தெரு. வீடுகளுக்கு வரிசையாக ஒன்று, இரண்டு என்று எண்கள். அவற்றுள் ஒரு வீட்டுக்கு இடப் பக்கத்து எண்களின் கூட்டுத்தொகையும் வலப் பக்கத்து எண்களின் கூட்டுத்தொகையும் சமம். தெருவில் ஐம்பதுக்கு மேல் ஐந்நூறுக்குள் வீடுகள் என்றால், அந்த வீட்டின் எண் என்ன? மகலனோபிஸ் எண்களைப் போட்டுப் பார்த்துச் சில நிமிஷங்களில் விடை கண்டார். தெருவில் 288 வீடுகள். வீட்டு எண் 204. ராமானுஜன் அப்போது அடுப்பருகே நின்று காய்கறி வதக்கிக்கொண்டிருந்தார். புதிரைக் கேட்டதும், வாணலியிலிருந்து பார்வையை எடுக்காமலே ஒரு தொடர் பின்னத்தைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னார். அந்தத் தெருவுக்கு மட்டுமல்ல, எத்தனை நீளமான தெருவுக்கும் விடை அதற்குள் அடங்கியிருந்தது.

ஒருவர் போட்டுப் பார்த்துக் கண்டார். மற்றவர் உள்ளே பார்த்துக் கண்டார். மனிதனுக்கு மனிதன் முகம் வேறுபடுவது போலவே சிந்திக்கும் வழியும் வேறுபடுகிறது. தனி மனிதருக்கு இது சுவாரசியமான விஷயம். ஆனால் ஒருவருடைய சிந்தனை வழியே ஒரு சர்க்காரின் திட்டமாகி, கோடிக்கணக்கான ஜனங்களின் சோற்றையும் வேலையையும் நிர்ணயிக்கும்போது அது வெறும் சுவாரசியமாக இராது. மகலனோபிஸின் வாழ்க்கை அதற்கு ஒரு பாடம்.

கப்பலில் படித்த புத்தகங்கள்

1893 ஜூன் 29-ம் தேதி கல்கத்தாவில் ஒரு பிரம்ம சமாஜக் குடும்பத்தில் பிறந்தவர் மகலனோபிஸ். பிரசிடென்சி கல்லூரியில் ஜகதீச சந்திர போஸ் போன்ற ஆசிரியர்களிடம் பயின்று, 1912-ல் பௌதிகத்தில் பட்டம் பெற்றார். பிறகு சீமைக்குப் போய்க் கேம்பிரிட்ஜில் கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்து, 1915-ல் தேறினார்.

ஊர் திரும்பும் சமயம் உலக யுத்தத்தால் கப்பல் புறப்படத் தாமதமாயிற்று. நூல் நிலையத்தில் பொழுது போக்கிக்கொண்டிருந்தவருக்கு, ஆசிரியர் மெக்காலே ஒரு பத்திரிகையைக் காட்டினார். பயோமெட்ரிகா என்று பெயர். உயிரினங்களை அளந்து, அந்த அளவுகளிலிருந்து உண்மையைப் பிரித்தெடுக்கும் புள்ளியியல் சாஸ்திரத்துக்கான பத்திரிகை அது. மகலனோபிஸ் அதுவரை வந்த தொகுதிகளை எல்லாம் விலைக்கு வாங்கிக் கப்பலிலேயே படிக்கத் தொடங்கினார். மறுபடி கேம்பிரிட்ஜுக்குப் போய்ப் பௌதிக ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்பதுதான் அவருடைய எண்ணம். கல்கத்தாவில் பிரசிடென்சி கல்லூரியில் பாடம் சொல்லும் வேலை வந்தது. கப்பலில் படித்த புத்தகங்கள் அவரை வேறு பாதையில் திருப்பிவிட்டன.

பௌதிகம் பயின்ற மனம் அவருடையது. எதை அளந்தாலும் அளவில் பிழை இருக்கும் என்பது பௌதிகத்தில் பால பாடம். பிழையே இல்லை என்று சொல்கிறவனை நம்பாதே. பிழை எவ்வளவு என்று சொல்கிறவனை நம்பு என்ற இந்தப் புத்தி அவருடன் கடைசி வரை இருந்தது.

வெள்ளமும் நிபுணர்களும்

1922-ல் வட வங்காளத்தில் பெருவெள்ளம் வந்தது. நிபுணர்கள் கூடி, வெள்ள நீரைத் தடுத்துத் தேக்கும் பெரிய நீர்நிலைகளை அமைக்க வேண்டும் என்று கருதினார்கள். செலவு மிகுந்த வேலை. விஷயம் மகலனோபிஸிடம் வந்தது. அவர் சுமார் ஐம்பது வருஷத்து மழைக் கணக்கையும் வெள்ளக் கணக்கையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நீரைத் தேக்குவதால் பயன் இல்லை, தேங்கிய நீர் விரைவாக வடிவதற்கு வழி செய்வதே முக்கியம் என்று கணக்குச் சொல்லிற்று.

1926-ல் ஒரிஸாவில் பிராமணி நதி பெருகியது. ஆற்றுப் படுகை மேடாகிவிட்டது, ஆகவே கரைகளைப் பல அடி உயர்த்த வேண்டும் என்றார்கள் பொறியாளர்கள். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். மகலனோபிஸ் சுமார் அறுபது வருஷத்துக் குறிப்புகளைப் புரட்டினார். படுகை உயர்ந்ததற்கு அவற்றில் அடையாளம் இல்லை. மேலே மலைப் பகுதியில் பெய்த மிதமிஞ்சிய மழைதான் காரணம். கீழே கரையை உயர்த்துவதைவிட மேலே அணை கட்டி, வெள்ளத்தை அடக்கி, மின்சாரமும் எடுக்கலாம் என்று அவர் எழுதினார். மகாநதியில் ஹிராகுட் அணை 1957-ல் திறக்கப்பட்டது. அந்த வழியில் முன்கூட்டியே யோசித்தவர்களில் அவரும் ஒருவர்.

இந்த இரண்டு சம்பவங்களிலும் அவர் செய்தது கேம்பிரிட்ஜில் செய்ததேதான். எல்லோரும் குளிரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, அவர் போய்க் கட்டிலைப் பார்த்தார்.

ஒரு சோறு பதம்

1931 டிசம்பரில் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை அவர் ஏற்படுத்தினார். பிரசிடென்சி கல்லூரியில் ஓர் அறைதான் அதன் இருப்பிடம். முதல் வருஷச் செலவு 238 ரூபாய்! 1933-ல் சங்க்யா என்ற பத்திரிகையைத் தொடங்கினார். 1936-ல் மகலனோபிஸ் தூரம் என்று உலகம் இன்றும் வழங்கும் கணித அளவையை வெளியிட்டார். இரண்டு கூட்டத்தாருக்கு இடையே எவ்வளவு ஒற்றுமை, எவ்வளவு வேற்றுமை என்று பல அளவுகளையும் சேர்த்து ஒரே எண்ணால் சொல்லும் முறை அது.

ஆனால் அவருக்குப் பெரும் பெயர் வாங்கிக் கொடுத்தது சணல் பயிர்க் கணக்குத்தான்.

வங்காளத்தில் சணல் எவ்வளவு விளையும் என்பது ஆலை முதலாளிக்கும் தெரிய வேண்டும், சர்க்காருக்கும் தெரிய வேண்டும். நம் தமிழ்நாட்டில் அந்நாளில் கிராமத்துக்கு ஒரு கர்ணம் உண்டு. எந்த வயலில் என்ன பயிர் என்று அடங்கலில் எழுதி வைப்பார். ஜமீன்தாரி முறை நிலவிய வங்காளத்தில் அத்தகைய ஏற்பாடு இல்லை. கிராமக் காவலாள் போன்றவர்கள் சொன்ன உத்தேசமே கணக்கு. வயல் வயலாக எண்ணலாம் என்றால் பல்லாயிரம் ஆட்கள் வேண்டும்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்வதுண்டு. மகலனோபிஸ் செய்ததும் அதுதான். ஆனால் ஒரு விஷயத்தை நம் பெண்கள் அறிவார்கள், அவரும் அறிந்திருந்தார். பானையைக் கிளறாமல் மேலாக ஒரு சோற்றை எடுத்தால் பதம் தெரியாது. ஆகவே கண்ணுக்கு நல்லதாகப் பட்ட வயலைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. குலுக்கல் முறையில் எந்த வயல் விழுகிறதோ அந்த வயலுக்கே, அது சேற்றுக்கு நடுவில் இருந்தாலும், போய்ப் பார்க்க வேண்டும். 1937-ல் சிறிய அளவில் தொடங்கி, வருஷத்துக்கு வருஷம் முறையைத் திருத்திக்கொண்டு, மாகாணம் முழுவதற்கும் விரித்தார். முழு எண்ணிக்கைக்கு ஆன செலவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கில் வேலை முடிந்தது. சில நூறு பேர் செய்த மாதிரிக் கணக்கு, பல்லாயிரம் பேர் செய்த முழுக் கணக்கைவிட நம்பத் தகுந்ததாகவும் இருந்தது.

இதில் அவர் செய்த ஒரு தந்திரத்தை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே பகுதிக்கு இரண்டு கோஷ்டிகளைத் தனித்தனியாக அனுப்புவார். ஒரு கோஷ்டிக்கு மற்றது என்ன எழுதிற்று என்று தெரியாது. இரண்டு கணக்கும் ஒத்துப்போனால் நல்லது. ஒத்துப்போகாவிட்டால் எங்கோ பிழை இருக்கிறது. வித்தியாசத்தைக் கொண்டே பிழையின் அளவையும் சொல்லிவிடலாம். மனிதரின் நேர்மையை நம்பியிருக்காமல், சந்தேகத்தையே ஒரு முறையாக ஆக்கி ஸ்தாபனத்துக்குள் வைத்துவிட்டார் அவர்.

1945-ல் லண்டன் ராயல் சொசைட்டியில் அங்கத்தினரானார். ஐக்கிய நாடுகள் சபை மாதிரிக் கணக்கெடுப்புக்காக அமைத்த துணைக் கமிஷனுக்கும் அவரே தலைவரானார்.

டில்லிக்குப் போன கணக்கு

சுதந்திரம் வந்தது. நாட்டு மக்களின் வருமானம் எவ்வளவு, குடும்பங்கள் என்ன சாப்பிடுகின்றன, எத்தனை பேருக்கு வேலை இல்லை என்ற கேள்விகளுக்குச் சர்க்காரிடம் ஒழுங்கான விடை இல்லை. 1949-ல் மகலனோபிஸ் மத்திய மந்திரி சபையின் கௌரவப் புள்ளியியல் ஆலோசகரானார். அதே வருஷம் தேசிய வருமானக் கமிட்டியின் தலைவரானார். 1950-ல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்புத் தொடங்கியது. கணக்கெடுப்போர் ஊர் ஊராகப் போய், குடியானவன் வீட்டு வாசலில் உட்கார்ந்து, அரிசி எவ்வளவு, உப்பு எவ்வளவு, துணி எவ்வளவு என்று கேட்டு எழுதினார்கள். அத்தனை பெரிய ஏழை நாடு தன்னைத் தானே இப்படி அளந்து பார்த்தது உலகத்துக்கே புதுமை.

பிரதமர் நேருவுக்கு விஞ்ஞானத்தில் இருந்த பற்று எல்லோரும் அறிந்தது. பேராசிரியரிடம் அவருக்கு மிகுந்த மதிப்பு. 1954 நவம்பரில் புள்ளியியல் கழகத்தில் திட்ட ஆராய்ச்சிகளை நேருவே தொடங்கி வைத்தார். வெளிநாட்டுப் பொருளாதார நிபுணர்கள் பலர் கல்கத்தாவுக்கு வந்து போனார்கள். நார்வேயிலிருந்து பிரிஷ், ஹாலந்திலிருந்து டின்பெர்கன், போலந்திலிருந்து லாங்கே வந்தார்கள். இந்தியாவின் முதல் மின்னணுக் கணிப்பொறி 1955-56-ல் வந்து இறங்கியதும் அந்தக் கழகத்தில்தான். 1955 மார்ச்சில் இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்துக்கான வரைவுச் சட்டகம் பேராசிரியரின் மேஜையிலிருந்து டில்லிக்குச் சென்றது.

விதை நெல்

அந்தச் சட்டகத்தின் கருத்தை ஒரு குடியானவனைக் கொண்டு விளக்கலாம். விளைந்ததை எல்லாம் சாப்பிட்டுவிட்டால் அடுத்த வருஷம் விதை இல்லை. இந்த வருஷம் கொஞ்சம் வயிற்றைக் கட்டி அதிக விதை நெல் எடுத்து வைத்தால், பின்னால் களம் நிறையும். ஒரு தேசத்துக்கு விதை நெல் எது? துணியும் சோப்பும் அல்ல. துணி நெய்யும் யந்திரத்தைச் செய்கிற யந்திரமும், அதற்கு வேண்டிய எஃகும்தான். ஆகவே புதிய முதலீட்டில் மூன்றில் ஒரு பங்கை இத்தகைய மூலத் தொழில்களில் போட வேண்டும். ஜனங்களுக்கு அன்றாடம் வேண்டிய சாமான்களைக் குடிசைத் தொழில்கள் செய்து கொடுக்கட்டும். அதனால் பலருக்கு வேலையும் கிடைக்கும். இதுதான் யோசனை.

சில சமன்பாடுகளுக்குள் ஒரு தேசத்தையே அடக்கிய அழகான கணக்கு அது. பௌதிகம் படித்தவருக்கே உரிய சிந்தனை. சிக்கலான உலகத்தில் முக்கியமான இரண்டு மூன்று சக்திகளை மட்டும் பிடித்துக்கொண்டு, மற்றவற்றை ஒதுக்கிவிடும் சிந்தனை.

ஒதுக்கப்பட்டவை எவை? அந்நிய நாட்டு வாணிபம் கணக்குக்குள் இல்லை. யந்திரம் வாங்க வேண்டிய பவுனுக்கும் டாலருக்கும் எங்கே போவது என்ற கேள்வி சமன்பாட்டில் எழவில்லை. விதை நெல்லை எடுத்து வைத்தபின் வீட்டிலுள்ளோர் எதைச் சாப்பிடுவது என்ற கேள்விக்கும் போதிய விடை இல்லை. விவசாயத்தில் பெரிய முதலீடு இல்லாமலே விளைச்சல் பெருகும் என்ற நம்பிக்கை இருந்தது.

சுமார் இருபது பொருளாதார நிபுணர்கள் அடங்கிய குழு திட்டத்தைப் பரிசீலித்தது. அநேகமாக எல்லோரும் சம்மதித்தார்கள். பி. ஆர். ஷெனாய் ஒருவர் மட்டும் மறுத்துக் குறிப்பு எழுதினார். திட்டம் நாட்டின் சேமிப்புக்கு மீறியது, நோட்டு அச்சடித்துச் செலவு செய்தால் விலைவாசி ஏறும், கட்டுப்பாடுகள் பெருகும் என்பது அவருடைய வாதம். பம்பாயில் வக்கீல், பிரம்மானந்தா என்ற இரு பொருளாதார அறிஞர்கள், தொழிலாளியின் உணவையும் துணியையும் முதலில் பெருக்க வேண்டும் என்று 1956-ல் எழுதினார்கள். அவர்கள் குரல் எடுபடவில்லை.

1956-ல் திட்டம் தொடங்கியது. சர்க்கார் துறைச் செலவு 4,800 கோடி ரூபாய். அதிக நாள் செல்வதற்குள் அந்நியச் செலாவணி கரையத் தொடங்கியது. 1957-58-ல் மழை பொய்த்து, தானிய விளைச்சல் விழுந்தது. அமெரிக்காவிலிருந்து கோதுமைக் கப்பல்கள் வந்தன. 1958-ல் செலவை 4,500 கோடிக்குச் சுருக்க வேண்டியதாயிற்று. ஐந்து வருஷத்தில் தேசிய வருமானம் 25 சதவிகிதம் உயரும் என்று எதிர்பார்த்ததற்கு, சுமார் 20 சதவிகிதமே உயர்ந்தது.

அதற்காகத் திட்டம் தோல்வி என்று சொல்லிவிட முடியாது. பிலாய், ரூர்கேலா, துர்காபூர் ஆகிய மூன்று எஃகு ஆலைகளும் அந்தத் திட்டத்தில் எழுந்தவையே. குண்டூசிக்கும் வெளிநாட்டை எதிர்பார்த்த தேசம், யந்திரம் செய்யக் கற்றுக்கொண்டது. விதை நெல் பொய்யல்ல; வீட்டார் பசித்ததும் பொய்யல்ல.

இரண்டாவது கோஷ்டி எங்கே?

இப்போது அந்த இரண்டு கோஷ்டிகளை நினைத்துப் பாருங்கள். ஒரு சணல் வயலை அளப்பதற்கு ஒரு கோஷ்டி போதாது, இன்னொன்று தனியாகப் போய்ச் சரிபார்க்க வேண்டும் என்று விதி செய்தவர் மகலனோபிஸ். ஒரு தேசத்தின் ஐந்து வருஷத்தைத் தீர்மானிக்கும்போது அப்படி இரண்டாவது கோஷ்டி அனுப்பப்படவில்லை. ஷெனாய்தான் அந்த இரண்டாவது கோஷ்டி. அவருடைய கணக்கு வேறு விடையைக் காட்டியது. பேராசிரியரின் சொந்த விதிப்படி, வித்தியாசம் கண்ட இடத்தில் நின்று, பிழை எங்கே, எவ்வளவு என்று பார்த்திருக்க வேண்டும். அவ்வாறு பார்க்காமல், ஒற்றைக் குரல் என்று அதை ஒதுக்கி வைத்துவிட்டார்கள்.

இது அவர் ஒருவருடைய குற்றம் அல்ல. பெரிய ஸ்தாபனங்களில் இது எப்போதும் நடப்பது. தலைமையில் இருப்பவர் கணக்கில் கெட்டிக்காரர் என்றால் திட்டம் கணக்காகவே இருக்கும். பொறியாளர் என்றால் அணையாகவும் கரையாகவும் இருக்கும். வக்கீல் என்றால் சட்டமாக இருக்கும். அவரவர் பலமே அவரவர் கண்ணை மறைக்கிறது. வெள்ளம் வந்தபோது பொறியாளரின் பழக்கம் எங்கே தவறிற்று என்று மகலனோபிஸ் கண்டுபிடித்தார். அவருடைய பழக்கம் எங்கே தவறும் என்று கண்டுபிடிக்க அவருக்குப் பக்கத்தில் இன்னொரு மகலனோபிஸ் இல்லை.

ஒன்றை மட்டும் மறக்காமல் சொல்ல வேண்டும். திட்டங்களின் பலன் யார் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று ஆராய 1960-ல் ஒரு கமிட்டி அமைந்தது. அதற்கும் மகலனோபிஸே தலைவர். பொருளாதார பலம் சிலர் கையில் குவிந்திருக்கிறது, திட்ட வளர்ச்சியே பெரிய கம்பெனிகளுக்கு உதவியிருக்கிறது என்று 1964-ல் அதன் அறிக்கை ஒளிக்காமல் கூறிற்று. தாம் வகுத்த திட்டத்தின் பிழையை அளக்கும் பொறுப்பில், அவர் மறுபடியும் பழைய பௌதிக ஆசிரியராகவே இருந்தார்.

1968-ல் பத்ம விபூஷண் விருது வந்தது. 1972 ஜூன் 28-ம் தேதி, 79-வது பிறந்த நாளுக்கு ஒரு நாள் முன்பு, காலமானார். அவர் உழைத்த திட்டக் கமிஷன் இப்போது இல்லை. 2015-ல் நிதி ஆயோக் அதன் இடத்துக்கு வந்தது. ஆனால் வீட்டு வாசலில் உட்கார்ந்து என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டு எழுதும் மாதிரிக் கணக்கெடுப்பு இன்றும் நடந்து வருகிறது. அவர் பிறந்த ஜூன் 29-ம் தேதியை 2007 முதல் சர்க்கார் புள்ளியியல் தினமாகக் கொண்டாடுகிறது. அவருடைய முடிவுகளைப் பற்றிய வாதம் ஓயவில்லை. அவர் விட்டுச் சென்ற சந்தேகிக்கும் முறைதான் நிலைத்து நிற்கிறது.

எண்ணுதல் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. கணக்கிடுவதும் எண்ணுதல், நினைத்துப் பார்ப்பதும் எண்ணுதல். முதலாவதைச் செய்ய இன்று யந்திரங்கள் வந்துவிட்டன. இரண்டாவதை மனிதர்தான் செய்ய வேண்டும், அதுவும் ஒருவராகச் செய்யக் கூடாது. பஞ்சாயத்துக் கூட்டமானாலும் சரி, டில்லி மந்திராலோசனையானாலும் சரி, எல்லோரும் ஒரே விடையைச் சொல்லும்போது யாராவது ஒருவர் எழுந்து போய்க் கட்டிலைப் பார்த்துவிட்டு வருவது நல்லது. கம்பளி உள்ளேயே இருக்கலாம்.